பலா மரத்தில் காய்ந்த எழுநூற்றிருபது வாட்

அன்று காலை ஷெட்டில் இருந்தவர்கள் அம்மா, செல்லாயி அத்தை, அத்தையின் அண்ணனும் எங்கள் ஊர்க்கவுண்டருமான பெரியப்பா, நான். அப்புறம் அத்தையின் செவலைக் கோழி.

இல்லாதவர்கள்: கேரளா பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போயிருந்த அப்பா. ஷெட்டுக்குக் கரண்ட் இழுத்துக் கொடுத்துவிட்டு அன்றைக்கே மலை இறங்கிப் போன ஒயர்மேன். முக்கியமாக, மோட்டார். அது இரண்டாவது தடவையாகக் கருகி, உள்ளே இருக்கும் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, மாற்றிக் கட்ட மலைக்குக் கீழே சேந்தமங்கலம் போயிருந்தது.

மெஷின் மட்டும் நின்றது. சாமையின் உமியை நீக்கி அரிசியாக்கித் தரும் மெஷின். மோட்டார் உட்காரும் இடத்தில் நான்கு போல்ட்டுகள் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன. பனி இன்னும் விலகவில்லை. தகரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் அந்த போல்ட்டுகளில் ஒன்றின் மேல் சரியாக விழுந்து கொண்டிருந்தது.

"பாரு கண்ணு," என்றாள் அம்மா. "நாளைக்கு மோட்டாரு வந்துரும். மறுக்கா பொகையாம இருக்க என்ன செய்யணும், அதச் சொல்லு."

என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

எழுபது வளைவு ஏறி வந்த கரண்ட்

மலை மேலே, திண்ணனூர் நாட்டில் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. பெண்கள் குழுவுக்கு அந்த மெஷினை ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்தது. அதற்கு முன்னால் சாமை என்றால் உரலும் உலக்கையும்தான். அம்மாவின் வலது கை தோளுக்கு மேலே போகாது. இடது கையால்தான் தலை சீவுவாள். கேட்டால், "சாமையச் சோறாக்குன தோளு சாமி, தேஞ்சு போச்சு" என்பாள், ஏதோ செருப்பைப் பற்றிச் சொல்வதைப் போல.

மெஷின் வந்த பிறகு அந்தத் தோளுக்குக் கொஞ்ச நாள் லீவு கிடைத்தது. பிறகு முதல் மோட்டார் புகைந்தது. காயில் கட்டி வந்து மாட்டினார்கள். அதுவும் புகைந்தது. குழுவின் சேமிப்பு இந்த இரண்டு தடவையிலேயே கரைந்துவிட்டது.

நிறுவனத்திலிருந்து வந்த மேடம் கோபப்படவில்லை. "உங்க ஊர்ல மெஷின் ஓட மாட்டேங்குதும்மா. இன்னொருக்கா மோட்டார் போச்சுன்னா வேற ஊருக்குக் குடுத்துடுறோம், அவங்களாவது சாப்புடட்டும்" என்று தன்மையாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லியிருந்தால் அம்மா பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். தன்மைக்கு என்ன பதில் சொல்வது?

ஏன் கருகுகிறது என்பதற்கு ஊரில் விளக்கங்கள் இருந்தன. பெரியப்பா சொன்னது: "கரண்டு கீழ இருந்து எழுபது வளைவு ஏறி வருது. பஸ்ஸே மூச்சு வாங்கிட்டு வருது. கரண்டுக்கு வாங்காதா?"

செல்லாயி அத்தை சொன்னது: "ஏனுங் அண்ணா, அப்ப உங்க ஊட்டு டிவிக்கு மட்டும் கரண்டு காருல வருதுங்களா?"

ஒரு நேர்கோடு

இங்கே கொஞ்சம் விலகிப் போக வேண்டியிருக்கிறது.

போன வாரம் இந்தத் தொடரில் நான் படித்த காலத்து ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி எழுதினேன். அந்தப் படிப்பின் முதல் வருஷத்தில்தான் லேபில் ஒரு சோதனை செய்தோம். ஒரு கம்பிச் சுருள், ஒரு பேட்டரி, இரண்டு மீட்டர்கள். வோல்ட்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று பார்த்து கிராஃப் தாளில் புள்ளி வைக்க வேண்டும்.

புள்ளி வைத்தேன். அடுத்த புள்ளி. அடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஸ்கேலை வைத்தபோது ஒன்றுகூட விலகி நிற்கவில்லை. யாரோ முன்கூட்டியே சரி செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, பக்கத்து மேசைக்காரன் தாளை எட்டிப் பார்த்தேன். அவன் கம்பி வேறு. அவனுக்கும் நேர்கோடு. சாய்வு மட்டும் வேறு.

வோல்ட்டேஜை ஆம்பியரால் வகுத்தால் அந்தக் கம்பியின் தடை, ஓமில். வோல்ட்டேஜை ஆம்பியரால் பெருக்கினால் அங்கே செலவாகும் திறன், வாட்டில். அவ்வளவுதான் பாடம். ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல்.

லீவுக்கு வந்தபோது அப்பா கேட்டார், "என்ன படிச்சே?" சொன்னேன். "வகுத்தலும் பெருக்கலும் நம்ம ஊரு பள்ளிக்கூடத்துலயே உனக்குச் சொல்லிக் குடுத்தாங்களே. அதுக்கா அவ்வளவு தூரம் போனே?"

அப்பா பள்ளிக்கூடம் போனவரில்லை, அம்மாவும் இல்லை. அவருக்கு என்னால் விளக்க முடியாமல் போனது இதைத்தான்: கண்ணுக்குத் தெரியாத ஒன்று, எந்தக் கம்பிக்குள் ஓடினாலும், யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், அதே வகுத்தலுக்குக் கட்டுப்பட்டு ஓடுகிறது. லேபில் மட்டும்தானா? பஸ் சொன்ன நேரத்துக்கு வராத எங்கள் மலையிலும் அப்படித்தானா? அந்தக் கேள்வி எனக்குள் ரொம்ப நாள் கிடந்தது.

கோழி பறந்த நேரம்

ஷெட்டுக்குத் திரும்புகிறேன்.

கீழே நான் வேலைக்குச் சேர்ந்திருந்த மில்லில் ஒரு டாங் டெஸ்டரை இரவல் வாங்கி வந்திருந்தேன். நண்டுக் கொடுக்கு மாதிரி வாய் திறக்கும் மீட்டர் அது. ஒயரை வெட்டாமல், சும்மா கவ்விப் பிடித்தாலே உள்ளே எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும். வோல்ட்டேஜும் பார்க்கலாம்.

பிளக்கில் வைத்துப் பார்த்தேன். 220.

"எவ்வளவு காட்டுது?" என்றார் பெரியப்பா.

"இருநூத்தி இருபதுங்க. நல்லாத்தான் இருக்கு."

"ஒயர்மேனும் இதேதான் சொன்னான். மீட்டர் வச்சுப் பார்த்தான், இருநூத்தி இருபதுன்னான், டீ குடிச்சான், போயிட்டான்."

"டீ குடிக்கறதுக்கு என்னத்துக்கு மலை ஏறோணும்," என்றாள் அத்தை.

நான் அம்மாவிடம் மோட்டார் புகைந்த அன்றைக்கு என்னென்ன நடந்தது என்று கேட்டேன். அம்மா வரிசையாகச் சொன்னாள். சுவிட்சைப் போட்டது, சாமையைக் கொட்டியது, மோட்டார் முனகியது, லைட் மங்கியது. "அப்பத்தான் செல்லாயி கோழி கத்திக்கிட்டுப் பறந்துச்சு. அது பறந்து கொஞ்சத்துல பொக வந்துருச்சு. மொத தடவையும் அதே மாதிரிதான்."

"அதனால என்ற கோழி ஆகாத கோழியாம்," என்றாள் அத்தை. "கொழம்பு வெச்சுப்புட்டா மோட்டாரு ஓடும்னு உங்க பெரியப்பா சொல்றாரு. அவருக்கு மோட்டாரு ஓடணுமா, கொழம்பு வேணுமான்னு கேளு."

"கோழி எங்க இருந்துச்சு?"

அத்தை கையைக் காட்டினாள். ஷெட்டுக்குக் கரண்ட் பெரியப்பா வீட்டு மெயின் சுவிட்சிலிருந்துதான் வருகிறது; அந்த மெயினுக்கும் ஷெட்டுக்கும் நடுவே ஒரு பலா மரம். அதன் கவட்டையில் பெரிய வட்டமாகச் சுற்றி வைத்த கறுப்பு ஒயர். மேலே ஒரு சாக்கு. சாக்கின் மேல் குழி விழுந்து, இரண்டு இறகுகள் ஒட்டியிருந்தன.

"மெஷின் ஓடுனா அங்க போய்ப் படுத்துக்கும். பனிக்கு நல்லா கதகதன்னு இருக்கும்போல," என்றாள் அத்தை.

நான் கையிலிருந்த மீட்டரை மறந்து நின்றேன். கதகதப்பு! ஒயர் ஏன் கதகதப்பாக இருக்க வேண்டும்?

வெட்டக் கூடாத ஒயர்

அந்த ஒயரின் கதை ஊருக்கே தெரியும். ஆடித் திருவிழாவில் சாமி இருக்கும் சோலை வரைக்கும் லைட் போட, வீட்டுக்கு வீடு வரி வைத்து வாங்கியது. நூற்றைம்பது மீட்டர், கறுப்பு உறைக்குள் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கம்பி. மெஷின் வந்ததும் அதையே ஷெட்டுக்கு இழுத்தார்கள்; மெயினிலிருந்து ஷெட்டுக்கு நாற்பது மீட்டர்கூட இருக்காது. மீதியைத்தான் சுற்றிப் பலா மரத்தில் வைத்திருந்தார்கள்.

எங்கள் ஊரில் சாமி பேரில் வாங்கிய எதையும் துண்டாக்க மாட்டார்கள். துணியானாலும் கயிறானாலும் முழுசாக வந்தது முழுசாக இருக்க வேண்டும். ஒயருக்கும் அதே சட்டம். ஒயர்மேன் வெட்டக் கேட்டபோது பெரியப்பா விடவில்லை.

இதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. அந்த ஒயரைத் தொடும்போது நானும் செருப்பைக் கழற்றித்தான் தொட்டேன். ஆனால் அந்த மரியாதைக்குக் கரண்டில் ஒரு விலை உண்டு. ஷெட்டுக்குப் போக வேண்டிய கரண்ட், பலா மரத்தில் அத்தனை சுற்றும் சுற்றி வந்துதான் போயாக வேண்டும். எவ்வளவு விலை? அதுதான் கேள்வி.

ஒரு வாளித் தண்ணீர்

மோட்டார் இல்லை. ஆனால் என் பையில், ரூமில் குளிக்கத் தண்ணீர் காய வைக்கும் ஹீட்டர் ராடு இருந்தது. அதை ஒரு வாளித் தண்ணீரில் இறக்கி, யாரும் தொடக்கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, ஷெட் பிளக்கில் மாட்டி சுவிட்சைப் போட்டேன்.

டாங் டெஸ்டர் கவ்வியது. 5 ஆம்பியர்.

ஷெட்டில் வோல்ட்டேஜ் பார்த்தேன். சற்று முன் 220 காட்டிய அதே பிளக்கில் இப்போது 195.

வெறுங்காலோடு பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன். மெயினில் 220. அசையவில்லை. திரும்பி ஓடி வந்தேன். ஷெட்டில் 195.

இருபத்தைந்து வோல்ட் வழியில் காணவில்லை.

இருபத்தைந்தை ஐந்தால் வகுத்தேன். ஒயரின் தடை ஐந்து ஓம். இருபத்தைந்தை ஐந்தால் பெருக்கினேன். ஒயர் தின்றது நூற்றிருபத்தைந்து வாட். ஹீட்டருக்குப் போனது நூற்றுத் தொண்ணூற்றைந்து பெருக்கல் ஐந்து, தொள்ளாயிரத்து எழுபத்தைந்து வாட். மெயினிலிருந்து கிளம்பியது இருநூற்றிருபது பெருக்கல் ஐந்து, ஆயிரத்து நூறு.

தொள்ளாயிரத்து எழுபத்தைந்தோடு நூற்றிருபத்தைந்தைக் கூட்டிப் பாருங்கள்.

நான் கூட்டினேன். ஷெட் சுவரில் கரித்துண்டால் எழுதி மறுபடியும் கூட்டினேன். ஆயிரத்து நூறு. ஒரு வாட்கூடக் குறையவில்லை. எழுபது வளைவும் ஏறி வந்து, பலா மரத்தைச் சுற்றி, ஒரு வாளித் தண்ணீருக்குள் போய் முடியும் அந்த ஒன்று, தான் எங்கெங்கே எவ்வளவு கொடுத்தது என்பதற்குத் துல்லியமாகக் கணக்குக் காட்டியது. கோயில் கதவு திறப்பதைப் பார்த்தவன் மாதிரி நின்றேன்.

"என்னடா, அழுவுற மாதிரி நிக்கறே?" என்றாள் அத்தை.

"இல்லீங்க அத்தை. சரியா இருக்கு. அதான்."

"சரியா இருந்தா எதுக்கு மோட்டாரு பொகையுது?"

அதற்கும் கணக்கு போட்டேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் எதையும் விடாமல் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுவாள். மோட்டாரில் ஒட்டியிருந்த தகட்டின் படமும் இருந்தது. முழுச் சுமையில் பன்னிரண்டு ஆம்பியர். மோட்டார் என்றால் கணக்கில் இன்னும் கொஞ்சம் நெளிவு சுளிவு உண்டு. ஒயரின் பங்கைத் தெரிந்துகொள்ள இதே பெருக்கல் போதும்.

பன்னிரண்டு பெருக்கல் ஐந்து, அறுபது வோல்ட் வழியிலேயே போய்விடும். அறுபது பெருக்கல் பன்னிரண்டு, எழுநூற்றிருபது வாட். ஒரு இஸ்திரிப் பெட்டியைப் பலா மரத்தில் தொங்கவிட்ட மாதிரி. கோழி அதன் மேல்தான் படுத்திருந்தது.

கொஞ்சமாகக் கொட்டிய நாட்களில் எப்படியோ ஓடியிருக்கிறது; சாமை கனத்து வேகம் விழுந்தால் மோட்டார் இன்னும் அதிகமாக இழுக்கும். முப்பது ஆம்பியர் இழுத்தால் நூற்றைம்பது வோல்ட் ஒயரிலேயே விழும். மிச்சம் எழுபது. எழுபது வோல்ட்டில் எந்த மோட்டாரும் சாமையோடு சுற்றாது. சுற்ற முடியாமல் முனகும். முனகும் வரை முப்பதையும் இழுத்துக்கொண்டே நிற்கும். உள்ளே காயில் கருகும். அதற்குள் பலா மரத்துச் சுருள் சுட ஆரம்பிக்கும்.

"கோழி பறந்ததால மோட்டாரு போகலீங்க பெரியப்பா. மோட்டாரு நின்னு போனதால ஒயரு சுட்டுச்சு. சுட்டதாலதான் கோழி பறந்துச்சு."

பெரியப்பா கோழியைப் பார்த்தார். "அப்ப கொழம்பு இல்லை," என்றார்.

"ஆனா ஒயர்மேன் பாக்கறப்ப இருநூத்தி இருபதும் முழுசா இருந்துச்சே?" என்றாள் அம்மா.

"யாரும் கரண்டு கேக்காத வரைக்கும் ஒயரும் எதையும் எடுத்துக்காதும்மா. கேட்டாத்தான் எடுக்கும். அவரு கேக்காம பார்த்துட்டுப் போயிட்டாரு."

காது குத்து

காரணம் தெரிந்துவிட்டது. என்ன பிரயோஜனம்? தடிமனான புது ஒயர் வாங்கக் குழுவிடம் காசு இல்லை. நாற்பது மீட்டரில் வெட்டினால் தீர்ந்தது. பெரியப்பா முகத்தைப் பார்த்ததும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"சுத்தி வெச்சதப் பிரிச்சு வேலியோரமாப் போட்டா?" என்று அவரே கேட்டார்.

"சூடு பரவிப் போவுங்க. ஆனா தூரம் அதேதான். அறுபது வோல்ட்டு போறது போயிட்டேதான் இருக்கும்."

வாளித் தண்ணீரில் ஆவி எழுந்தது. அம்மா வலது தோளை இடது கையால் பிடித்தபடி, மோட்டார் இல்லாத அந்த போல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளை மோட்டார் வரும். மாட்டினால் கருகும். மாட்டாவிட்டால் மெஷின் சும்மா நிற்பதை மேடம் வந்து பார்ப்பார். எந்தப் பக்கம் போனாலும் உரல்.

அப்போது அத்தை சும்மா இருக்க முடியாமல், பக்கத்தில் கிடந்த கயிற்றை இரண்டாக மடித்து விறகைக் கட்ட ஆரம்பித்தாள். நான் அந்த மடிப்பைப் பார்த்தேன்.

மடித்தால்?

ஒயரின் இரண்டு முனைகளையும் மெயினிலேயே கொடுத்துவிட்டு, நடு மடிப்பில் மெஷினை மாட்டினால், கரண்ட் வந்து சேர இரண்டு வழி. ஒவ்வொரு வழியும் பாதித் தூரம்தான். ஐந்து ஓம் இரண்டரை ஆகும். வரும் கரண்ட்டும் இரண்டாகப் பிரிந்து, ஆளுக்கு ஆறு ஆம்பியர் சுமக்கும். ஆறு பெருக்கல் இரண்டரை, பதினைந்து வோல்ட். அறுபது, பதினைந்தாகிவிடும். ஒரே ஒயர். ஒரு அங்குலம் குறையவில்லை. வெறும் மடிப்பு, நாலில் ஒரு பங்கு நஷ்டம்.

கரித்துண்டை எடுத்துக் கணக்கைச் சுவரில் எழுதினேன். திரும்பப் போட்டேன். அதேதான் வந்தது.

"வெட்ட வேண்டாங்க. நடுவுல மட்டும் ஒரு விரக்கடை தோலை உரிக்கணும்," என்றேன்.

பெரியப்பா யோசித்தார். "உரிக்கறதும் வெட்டறதும் ஒண்ணுதானே?"

"ஏனுங் அண்ணா," என்றாள் அத்தை, கயிற்றை இறுக்கிக்கொண்டே. "உங்க பேத்திக்குச் சாமி முன்னால காது குத்துனீங்களே. புள்ளைய வெட்டிப்புட்டீங்கன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

அவர் பலா மரத்தைப் பார்த்தார். பிறகு மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "காது குத்தறதுன்னா முறையாக் குத்தணும். தேங்காய் உடைக்கணும். குத்துன எடத்துல மஞ்சள் வெக்கணும்."

"மஞ்சள் ஈரமா வேண்டாங்க பெரியப்பா. காஞ்ச பொடி. அதுவும் டேப் சுத்தின பொறவு, டேப்புக்கு மேல."

"சாமிக்கு ஈரமும் ஒண்ணுதான், பொடியும் ஒண்ணுதான்."

நடுவைக் கண்டுபிடிக்க டேப் வைத்து அளக்கவில்லை. சுருளைப் பிரித்து, இரண்டு முனைகளையும் பெரியப்பா பிடித்துக்கொண்டார். அம்மாவும் அத்தையும் இரட்டை ஒயரை உள்ளங்கையில் ஓடவிட்டபடி பாதையில் நடந்தார்கள். பனிக்குள் போய் மறைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் குரல் வந்தது: "இங்க திரும்புது சாமி."

மெயினை அணைத்துவிட்டு வேலை செய்தேன். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. ஒன்று மாறினாலும் மெயினே வெடிக்கும் என்பதால் மூன்று தடவை பார்த்தேன். எர்த்துக்கு ஷெட்டை ஒட்டியே கரியும் உப்பும் போட்டுத் தனிக் குழி. மிச்ச ஒயரை, கால் படாத உயரத்தில் வேலிக் கம்பங்களில் நீளமாக ஓட்டினோம்.

சாமி பங்கு

மறுநாள் மதிய பஸ்ஸில் மோட்டார் வந்தது. மாட்டினோம். பெரியப்பா தேங்காய் உடைத்தார். அம்மாதான் சுவிட்சைப் போட வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள்.

சுவிட்ச் விழுந்தது. ஒரு முனகல். லைட் லேசாகக் கண்ணைச் சிமிட்டியது. எல்லோரும் கோழியைத் தேடினோம்.

பிறகு முனகல் விசிலாக ஏறி, சீரான இரைச்சலாக நின்றது. அம்மா சாமையைக் கொட்டினாள். இரைச்சல் கொஞ்சம் கனத்தது; நிற்கவில்லை. டாங் டெஸ்டர் 12. ஷெட்டில் எவ்வளவு வோல்ட் மிஞ்சும் என்று 220-ல் 15 கழித்துச் சுவரில் கரியால் நான் எழுதி வைத்திருந்தது 205. மீட்டர் 206 காட்டியது.

லேபில் பார்த்த அந்த நேர்கோடு எங்கள் ஊர் வேலியோரமாகவும் ஓடுகிறது. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கீழே தட்டில் அரிசி விழுந்தது. அம்மா இரண்டு கையாலும் அள்ளினாள். முதல் கைப்பிடியைப் பெரியப்பாவிடம் கொடுத்தாள். புதுசாக எது வந்தாலும் முதல் பிடி சாமிக்கு. அவர் அதைத் துண்டில் முடிந்துகொண்டு மீட்டரை எட்டிப் பார்த்தார்.

"ஊட்டுல இருநூத்தி இருபதுன்னே. இங்க இருநூத்தி ஆறுன்னு காட்டுது. இன்னும் கொறையுதே, அது எங்க போவுது?"

"ஒயருக்குத்தாங்க. பதினஞ்சுன்னு வெச்சுக்குங்க. பதினஞ்சு பெருக்கல் பன்னண்டு, நூத்தியெண்பது வாட்டு. மெஷின் ஓடற வரைக்கும் அத ஒயரு எடுத்துக்கும். ஒண்ணும் பண்ண முடியாது."

பெரியப்பா துண்டு முடிச்சைத் தடவிப் பார்த்தார்.

"சாமி ஒயருதானே. அதும் பங்க எடுத்துக்கட்டும்."

செவலைக் கோழி பலா மரத்துக் கவட்டையில் ஏறி, வெறும் சாக்கைக் கொத்திப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. அம்மா அடுத்த முறம் சாமையைக் கொட்டினாள். வெட்டாமல் வைத்த ஒயர் கடைசியில் எடுத்துக்கொண்ட பங்கு நூற்றெண்பது வாட்.